ஞாயிற்றுக்கிழமைகளில் பேசியவள்

பழக்கூடை காலையில் வந்தது. மாதுளை, ஆரஞ்சு, நடுவில் கொண்டையோடு ஓர் அன்னாசி, சுற்றிலும் மஞ்சள் ரிப்பன். அதைக் கொண்டுவந்த ஆளில்லா வண்டி வாசலில் நின்று, பதிவு செய்த குரலில் ஒரு செய்தியும் சொன்னது.

"மேடம், தனபாலன் பேசறனுங்க. உடம்புக்கு முடியாத நேரத்துலயும் நம்ம ஹாஸ்டலுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க. ரொம்ப நன்றிங்க. அடுத்த வாரம் பொண்ணுங்க குடிவர்றாங்க. நீங்க அவசியம் வந்துரோணும்."

சுகிர்தா கூடையைத் தொடவில்லை. அந்தக் கட்டடத்துக்கு அவள் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டாள்.

அவள் கட்டட உறுதிப் பொறியாளர். கோயம்புத்தூரில் மாடிக் கட்டடம் எதுவானாலும், ஆள் குடியேறலாம் என்று அவளைப் போன்ற ஒருவர் சான்று கொடுத்த பிறகுதான் கதவு திறக்கும். நர்சிங் படிக்கும் பெண்களுக்காகச் சரவணம்பட்டியில் தனபாலன் கட்டிய விடுதியை, தன் தைராய்டு ஆபரேஷனுக்கு முன்னால் அவள் போய்ப் பார்த்திருந்தாள். கீழே கார் நிறுத்த இடம் வேண்டுமென்று, வரைபடத்தில் இருந்த தூண்களில் இரண்டைக் கட்டாமலே விட்டிருந்தார்கள். மேலே ஏழு மாடி. "தூணை எழுப்பிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். பிறகு ஆபரேஷன். அதற்குப் பிறகு வடவள்ளி வீட்டை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. தொண்டை ஆறிவிட்டது, பழைய குரல் மட்டும் திரும்பவில்லை. பேசினால் காய்ந்த ஓலையை இழுப்பது போல ஒரு சத்தம் கூடவே வந்தது.

அந்தக் குரலில்தான் அவள் தனபாலனைக் கூப்பிட்டாள்.

"யாருங்க?"

"சுகிர்தா பேசறேன். அந்தக் கையெழுத்து நான் போட்டதில்லை. பொண்ணுங்களை உள்ள விட்டுறாதீங்க."

அவர் நிதானமாகச் சொன்னார். "அம்மா, மேடம் குரல் எனக்குத் தெரியாதுங்களா? இந்த வாரம்கூட அரை மணி நேரம் பேசுனாங்க. தூண் விஷயமாக் கணக்குப் போட்டுப் பாத்தாச்சு, தாங்கும்னு சொன்னாங்க. நீங்க யாருன்னு தெரியல. இந்த வேலையெல்லாம் எங்கிட்ட வேண்டாம்."

இணைப்பு அறுந்தது.

அவள் தன் மேசைத் திரையின் முன் உட்கார்ந்து, சான்றை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டாள். திரை பணிவாகப் பதில் சொன்னது: 'உங்கள் சாயல் சுகிர்தாவோடு பொருந்தவில்லை.'

கைரேகை, முகம், கண்ணின் பாவை என்று எல்லாவற்றையும் செய்து விற்கிறவர்கள் தெருவுக்குத் தெரு வந்த பிறகு அரசு கொண்டுவந்த ஏற்பாடுதான் சாயல். ஒருவர் எப்படிப் பேசுகிறார், எந்தச் சொல்லுக்கு முன்னால் தயங்குகிறார், எப்படி நடக்கிறார், யாரோடு எவ்வளவு பழகுகிறார் என்பதையெல்லாம் நாள்தோறும் சேர்த்துப் பார்த்து, இவர் இவர்தான் என்று சொல்லும். உடம்பை நகல் எடுக்கலாம், வாழ்கிற விதத்தை எப்படி எடுக்க முடியும் என்று அது வந்தபோது எல்லோரும் கேட்டார்கள். சுகிர்தாவும் கேட்டிருக்கிறாள்.

அன்று மத்தியானமே அடையாள மீட்பு மையத்துக்குப் போனாள். அவளுடைய மனுவைப் பார்த்தவர் இலியாஸ் என்ற அதிகாரி. நாற்பது வயது இருக்கலாம். எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் பேசுவார். அவளைப் பேசச் சொன்னார், எழுதச் சொன்னார், நீள வராந்தாவில் நடந்துவிட்டு வரச் சொன்னார். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டார்.

"மேடம், நீங்க பாதிக்குக் கொஞ்சம் மேலதான் பொருந்தறீங்க."

"எதோட?"

"உங்களோட. ஆபரேஷனுக்கப்புறம் குரல் மாறிடுச்சு. நடை தளர்ந்துடுச்சு. முன்ன மாதிரி நீங்க யார்கூடயும் பேசறதும் இல்லை. ஆனா வெளிய உங்க பேர்ல ஒண்ணு நடமாடுது பாருங்க, நாங்க அதை நிழல்னு சொல்றோம், அது ஏறக்குறைய முழுசாப் பொருந்துது. அதுக்கு உடம்பு சரியில்லாமப் போகலையே."

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொண்டை வலிக்கும் என்பதால் அடக்கிக்கொண்டாள். "அப்ப என்னைவிட அதுதான் நான்."

"கம்ப்யூட்டர் கணக்குல அப்படித்தான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆபரேஷன், விபத்து, வீட்ல ஒரு சாவு, இப்படி ஆள் மாறிப்போற நேரமாப் பாத்துத்தான் நிழல் விக்கற தரகருங்க உள்ள வருவாங்க. உங்க பழைய போன், பழைய பேச்சு எல்லாத்தையும் எடுத்து நிழலைப் பழக்குவாங்க. எடுத்தவுடனே கையெழுத்துப் போட மாட்டாங்க. முதல்ல சின்னச் சின்னதா உங்களா இருந்து பாப்பாங்க. அந்த மாதிரி ஏதாவது கவனிச்சீங்களா? நீங்க கேக்காத ஒண்ணு வந்தது, பேசாத பேச்சுக்கு யாராவது பதில் சொன்னது?"

அவள் யோசித்தாள். டாக்டரின் உதவியாளர் ஒருமுறை, 'நாள் மாத்தச் சொன்னீங்களே' என்றது நினைவு வந்தது. பக்கத்து வீட்டு வித்யா, 'போன்ல நல்லாப் பேசுனீங்க, நேர்ல குரல் ஏன் இப்படிக் கம்முது?' என்று கேட்டதும். இரண்டையும் மருந்து மயக்கத்தில் தானே மறந்திருக்கலாம் என்று விட்டுவிட்டாள்.

"அங்கதான் எல்லாரும் விட்டுடறாங்க" என்றார் இலியாஸ். "நம்ம மேலயே சந்தேகப்பட்டுக்கறோம். ஆபரேஷன் முடிஞ்ச கையோட நேர்ல வந்து சாயலைப் புதுப்பிச்சிருந்தா இது நடந்திருக்காது."

"அதை நேர்ல வரச் சொல்லுங்களேன். வந்து நிக்குமா?"

"உடம்பு முடியலைன்னு சொல்லும். உங்க ஆஸ்பத்திரிப் பதிவும் அதைத்தான் சொல்லுது. சட்டப்படி மூணு மாசம் அவகாசம் குடுக்கணும்."

"பொண்ணுங்க அடுத்த வாரம் வர்றாங்க."

"தெரியுது மேடம்." அவர் காத்திருந்துவிட்டுச் சொன்னார். "இன்னொரு வழி இருக்கு. உறவுச் சாட்சி. நிழல்கூடயும் பழகின, உங்களையும் தெரிஞ்ச ரத்த உறவு ஒருத்தர் இங்க வந்து, இது அது இல்லைன்னு சொல்லணும். உங்க பதிவுல அப்படி ஒருத்தர்தான் இருக்காங்க. தாரணி. உடுமலைப்பேட்டை. ஆபரேஷனுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சாயங்காலம் பேசியிருக்கீங்க."

சுகிர்தா அவரையே பார்த்தாள்.

"என் தங்கச்சி. அவகிட்ட நான் பேசி ஒம்பது வருஷமாச்சு."

"அதனாலதான் தேர்ந்தெடுத்திருப்பாங்க" என்றார் இலியாஸ். "தனியா இருக்கறவங்க சாயல் மெலிஞ்சு போகும். உறவோட பேசினா அது கனக்கும். அப்புறம் எந்தக் கையெழுத்தும் சந்தேகப்படாது." அவர் தயங்கினார். "ஒண்ணு சொல்லணும் மேடம். அவங்க ஏமாந்துதான் பேசினாங்கன்னா, அந்தச் சாட்சி நிக்காது. இத்தனை நாள் ஏமாந்தவங்க இன்னிக்கு மட்டும் எப்படிச் சரியாச் சொல்வாங்கன்னு கேப்பாங்க. முன்னாடியே தெரியும்னு சொன்னாத்தான் நிக்கும். ஆனா தெரிஞ்சும் புகார் குடுக்காம இருந்தா அது குத்தம். ஒரு வருஷத்துக்கு அவங்க சாயலை முடக்கிடுவாங்க. கணக்கு, லைசென்ஸ், எதுவும் அவங்க பேர்ல நடக்காது."

மறுநாள் காலை உடுமலைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் இதையே நினைத்துக்கொண்டு போனாள்.

தாரணியின் கணவன் மோகனசுந்தரம் அந்த ஊரில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினான். உத்திரங்கள் மெலிந்திருந்தன. பார்த்தவள் சுகிர்தா. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அறிக்கையை அனுப்பினாள். முதல் முகூர்த்தத்துக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தபோது வந்து சீல் வைத்தார்கள். மோகனசுந்தரம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான்; போனவன் தாரணியிடம் திரும்பி வரவில்லை. அறிக்கையில் எழுதியது ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அக்காளும் தங்கையும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

தாரணியின் பேக்கரி பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்தது. தேங்காய் பன்னும் பப்ஸும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தது, சாயம் பூசவில்லை. சுகிர்தாவைப் பார்த்ததும் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"வா" என்றாள்.

"வந்தேன்."

"தொண்டைக்கு என்னாச்சு?"

"ஆபரேஷன். தைராய்டு."

"எனக்குத் தெரியாது." தாரணி கல்லாவைப் பூட்டினாள். "ஞாயித்துக்கிழமை பேசறவ இதைச் சொல்லவே இல்லை."

கடைக்குப் பின்னால், அடுப்பின் சூடு படாத ஒரு மூலையில் இரண்டு ஸ்டூல்கள் கிடந்தன. தாரணி டீயோடு வந்து உட்கார்ந்தாள். சுகிர்தா எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"அது நான் இல்லைன்னு உனக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது வாரமே தெரியும்."

"எப்படி?"

"முதல் வாரம் நம்பிட்டேன். போனை வெச்சுட்டு அழுதேன். அடுத்த வாரம் ஒரு சந்தேகம். பேச்சோட பேச்சா, நம்ம மண்டபம் மூணு மாடி இருந்துச்சே, அத்தனையும் போச்சேன்னு சொன்னேன். ஆமா தாரணி, அத்தனையும் போச்சுன்னு அதுவும் சொல்லுச்சு."

"ரெண்டு மாடிதான். அதுலயும் மேல் மாடிக்குப் பாதி ஷீட்டு."

தாரணி சிரித்தாள். "பாத்தியா? உன்னால ஒரு நிமிஷம் பொறுக்க முடியல. அது பொறுத்துக்குச்சு. அப்பவே தெரிஞ்சுடுச்சு."

"அப்புறம் ஏன் பேசுன? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. முன்னால் கடைப்பையன் யாருக்கோ ஒரு கேக்கின் விலை சொல்லும் சத்தம் கேட்டது.

"சொன்னா நின்னுடுமேக்கா."

தாரணி தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"சாப்ட்டியான்னு கேக்கும். கால் வலி எப்படி இருக்குதுன்னு கேக்கும். போன வாரம் சொன்னதை ஞாபகம் வெச்சுக்கிட்டுக் கேக்கும். உன் குரல்ல. பொய்யின்னு தெரிஞ்சுதான் கேட்டுட்டு இருந்தேன். அது முதல் வாரம் சொன்னது இருக்கே, அதுக்காகவே கேட்டுட்டு இருந்தேன்."

"என்ன சொல்லுச்சு?"

தாரணி சுவரைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடமாக இருந்ததை மெதுவாகச் சொன்னாள். "கட்டடம் தப்புதான் தாரணி, அதுல மாத்தமில்லை. ஆனா நான் ஒரு நாள் முன்னாடி உங்கிட்ட வந்திருக்கணும். சீல் வைக்கறதை நீ தெருவுல நின்னு பாக்கற மாதிரி விட்டுட்டேன். இன்ஜினியரா வந்தேன், அக்காவா வரலை."

சுகிர்தா டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த வார்த்தைகள் அவளுடையவை. வேலை முடிந்து திரும்பும் வழியில், உக்கடம் குளக்கரையில் காரை நிறுத்தி, போனில் பேசிப் பதிவு செய்தவை. ஒருமுறை இல்லை, பலமுறை. ஒவ்வொரு முறையும் அனுப்புகிற இடம் வரை விரல் போகும். பிறகு அழித்துவிடுவாள். அழித்தவை எங்கேயோ கிடந்திருக்கின்றன. அவற்றைத் தோண்டி எடுத்து, அவளுக்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டார்கள். கையெழுத்தைத் திருடியதுகூட அவளுக்கு இவ்வளவு பெரிதாகப்படவில்லை.

அதை அவள் அப்போது சொல்லவில்லை. சொன்னால் தங்கையின் மனதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அதற்குப் பிறகு சாட்சிக்குக் கூப்பிட்டது போலாகும்.

"தாரணி, நான் வந்தது வேற ஒண்ணுக்கு. அதை முழுசாக் கேட்டுட்டு முடிவு பண்ணு" என்றாள். விடுதியைப் பற்றிச் சொன்னாள். இரண்டு தூண்களைப் பற்றிச் சொன்னாள். அங்கே வரப்போகிற பெண்களைப் பற்றிச் சொன்னாள். பிறகு, இலியாஸ் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். "தெரிஞ்சுதான் பேசினேன்னு நீ சொல்லணும். சொன்னா ஒரு வருஷம் உன் பேர்ல எதுவும் ஓடாது. பேக்கரி லைசென்ஸும் போயிடும். தெரியாதுன்னு சொன்னா உனக்கு ஒண்ணும் ஆகாது. என் மனு நிக்காது, அவ்வளவுதான். நான் வேற வழி பாப்பேன். நாளைக்குக் காலையில நீ வரலைன்னா நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

தாரணி ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள்.

"மறுபடியும் ஒரு கட்டடம்" என்றாள் கடைசியில். "மறுபடியும் போகப்போறது என்னோடது."

"ஆமா."

"இந்தத் தடவை முன்னாடியே வந்து சொல்றே."

சுகிர்தா தலையசைத்தாள். சாயங்காலப் பஸ்ஸைப் பிடித்து வீடு திரும்பினாள். தாரணி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு பை நிறையத் தேங்காய் பன் மட்டும் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் மீட்பு மையத்தின் கதவு திறப்பதற்கு முன்பே தாரணி வாசலில் நின்றிருந்தாள். இஸ்திரி போட்ட காட்டன் புடவை, கையில் ஒரு குடை. உள்ளே இலியாஸ் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் நேராகப் பதில் சொன்னாள்.

"ஏன் புகார் தரலை?" என்று கேட்டபோது மட்டும் கையிலிருந்த குடையைப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டியிருந்துச்சுங்க" என்றாள். "அதனால யாருக்குக் கெடுதல்னு நான் யோசிக்கலை. எனக்குப் பேச ஒரு ஆள் கிடைச்சுதுன்னு மட்டும்தான் நினைச்சேன்."

"இவங்கதான் உங்க அக்கான்னு இப்ப எப்படிச் சொல்றீங்க?"

"நேத்து வந்து, எனக்கு ஆகாத ஒரு காரியத்தை, அதனால எனக்கு என்னென்ன போகும்னு முழுசையும் முதல்ல சொல்லிட்டுக் கேட்டா. அந்த நிழலுக்கு அது வராதுங்க. அது எனக்குப் பிடிச்சதை மட்டும்தான் பேசும்."

இலியாஸ் அதை அப்படியே பதிவு செய்தார். அன்று பகல் முடிவதற்குள் சான்று ரத்தாகியது. சரவணம்பட்டி விடுதியின் கதவு பூட்டிக்கொண்டது. வரவிருந்த பெண்களுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிச் செய்தி போனது. தனபாலன் நான்கு முறை கூப்பிட்டார். சுகிர்தா நான்காவது முறை எடுத்து, "முதல்ல தூணை எழுப்புங்க" என்று மட்டும் சொன்னாள். நிழலை அழித்துவிட்டதாகவும், அதை விற்ற தரகர்களையும் காசு கொடுத்து வாங்கியவர்களையும் தேடுவதாகவும் இலியாஸ் சொன்னார். பிடிபடுவார்களா என்று கேட்டதற்கு அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தார், பதில் சொல்லவில்லை.

தாரணியின் சாயல் அன்றே முடங்கியது. திரை அதையும் பணிவாகத்தான் சொன்னது.

"பேக்கரியை ஒரு வருஷத்துக்கு ரத்த உறவு பேருக்கு மாத்தலாம்" என்றார் இலியாஸ், யாரையும் பார்க்காமல். "அவங்க தினமும் நேர்ல வந்து கல்லாவுல உக்காரணும், அதான் விதி. இன்னொண்ணு. இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல சொல்லாத ஒரு வார்த்தையை வெச்சுக்குங்க. நேர்ல மட்டும் சொல்லிக்கற வார்த்தை. எங்கயும் பதிவு பண்ணாதீங்க. சந்தேகம் வந்தா அதைக் கேளுங்க."

வெளியே வெயில் ஏறியிருந்தது. மையத்துக்கு எதிரே இருந்த வேப்பமர நிழலில், கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். தாரணி குடையை விரிக்கவில்லை.

"கல்லாவுல உக்காருவியா? சில்லறையில தப்பு விட்டா நான் திட்டுவேன்."

"உக்காருவேன்." சுகிர்தா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தாரணி, அது முதல் வாரம் சொன்னது இருக்கே. அது அதோடது இல்லை. நான் பேசி வெச்சது. வருஷக்கணக்கா. ஒவ்வொரு தடவையும் அனுப்பாம அழிச்சுட்டேன். அதைத்தான் எடுத்திருக்காங்க."

தாரணி திரும்பிப் பார்த்தாள். வண்டிக்காரர் கரும்பை மடித்து உருளைக்குள் விட்டார். அந்த இரைச்சல் அடங்கிய பிறகுதான் கேட்டாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். நான் சொல்ல வெச்சிருந்ததை அது சொல்லி முடிச்சுடுச்சு. இப்ப எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லை."

"அப்ப அதையே சொல்லு."

"இந்தக் குரல்லயா?"

"இதுதானே இருக்குது."

சுகிர்தா சொல்லத் தொடங்கினாள். கட்டடம் தப்புதான் என்ற இடத்திலேயே குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு நாள் முன்னாடி என்பதற்குப் பிறகு அடுத்த வார்த்தை மறந்துபோனது. திரும்ப முதலிலிருந்து வந்தாள். தெருவில் நின்றதைச் சொல்லும்போது மூச்சு நின்றுவிட, கையை மட்டும் ஆட்டினாள். கடைசி வரியை அவளால் சொல்லவே முடியவில்லை.

தாரணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அது இதைவிட நல்லாச் சொல்லுச்சு" என்றாள்.

"தெரியும்" என்றாள் சுகிர்தா.

தாரணி வண்டிக்காரரிடம், ஒரு டம்ளருக்கு ஐஸ் போட வேண்டாம், அக்காவுக்குத் தொண்டை சரியில்லை என்றாள்.